அச்சு அசலாக இருந்தும் ஏன் அடைத்துக்கொள்கிறது?

இருசக்கர வண்டியின் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனால், உதிரிபாகக் கடையில் இரண்டு விலை சொல்வார்கள். ஒன்று ஒரிஜினல், மற்றது டூப்ளிகேட். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிறம், துளை, பல் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வெர்னியர் வைத்து அளந்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்று இரண்டு ஆண்டு ஓடுகிறது, இன்னொன்று மழைக்காலம் முடிவதற்குள் கையை விரிக்கிறது. அளவு ஒன்றுதான், வடிவமும் ஒன்றுதான் என்றால் குறை எங்கே ஒளிந்திருக்கிறது?

பட்டறைக்குப் பட்டறை கேட்கப்படும் இந்தக் கேள்வியைப் பொறியியல் வரலாற்றில் மிகத் தீவிரமாக ஆராய்ந்தவர்கள் துப்பாக்கி செய்பவர்கள். வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். போர்முனையில் துப்பாக்கி அடைத்துக்கொண்டால் அதைப் பிடித்திருப்பவர் உயிரோடு திரும்புவதே உறுதியில்லை. அதனால் எந்தப் பாகம், எத்தனையாவது தோட்டாவில், எந்த வெயிலில் தவறியது என்று ராணுவங்கள் பதிவுசெய்து வைத்திருக்கின்றன. ஒரு நகல் ஏன் தவறுகிறது, உதிரிபாகங்களை மாற்றி அதை எப்படித் தேற்றுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பதிவுகளைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

நொடியில் பத்தில் ஒரு பங்கு

தானியங்கித் துப்பாக்கி ஒன்று ஒரு தோட்டாவைச் சுட்டு அடுத்ததற்குத் தயாராவதற்குள் என்னென்ன நடக்கிறது? மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவை ஓர் உலோகக் கட்டை முன்னால் தள்ளுகிறது. தோட்டா குழலின் பின்முனை அறைக்குள் ஏறுகிறது. கட்டை திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. சுத்தியல் விழுந்து ஊசி அடிக்கிறது. வெடிமருந்தின் வாயுவில் ஒரு பங்கு பக்கத் துளை வழியே வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பூட்டுத் திறக்கிறது. ஒரு கொக்கி காலிக் கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. கூடு வெளியே எறியப்படுகிறது. சுத்தியல் பின்னால் மடக்கப்படுகிறது. மேகசினின் சுருள்வில் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்துகிறது.

பத்துச் செயல்கள். பிரிட்டனின் எஸ்ஏ80 துப்பாக்கி நிமிடத்துக்கு 600-க்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுடும் வேகம் கொண்டது. அதாவது இந்தப் பத்தும் நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் பின்னால் போகும் கட்டையை ஒரு வில் தடுத்துத் திருப்புகிறது. அது திரும்பி வருவதற்குள் மேகசின் வில் தன் வேலையை முடித்திருக்க வேண்டும். கொஞ்சம் சோர்ந்த வில்லாக இருந்தால் தோட்டா மேலே வருவதற்குள் கட்டை அதைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் விசையை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும்தான்.

ஆயிரத்தில் ஒன்று என்பது நல்ல மதிப்பெண்ணா?

ஒவ்வொரு செயலும் ஆயிரம் முறையில் ஒரு முறைதான் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் ஆயிரத்துக்கு 999 எடுத்ததுபோலத்தான். ஆனால் செயல்கள் பத்து. ஆக, ஏறக்குறைய நூறு தோட்டாவுக்கு ஒரு முறை எங்கோ ஒன்று தவறும். முப்பது தோட்டா கொள்ளும் மேகசினைக் கணக்கில் எடுத்தால், மூன்று மேகசின் தீர்ந்து நான்காவதைப் போடுகிற நேரத்தில் துப்பாக்கி ஒரு முறையாவது அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பிரிட்டிஷ் ராணுவம் ஒரு சோதனை வைத்திருக்கிறது. அதற்குப் ‘போர்க்களப் பணி’ என்று பெயர். எட்டு நிமிடம் நாற்பது நொடிக்குள் 150 தோட்டாக்களைச் சுட்டு முடிக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று தவறும் துப்பாக்கிகள் நூறை இந்தச் சோதனையில் இறக்கினால், ஒரு தடங்கலும் இல்லாமல் முடிப்பவை ஏறக்குறைய 22 மட்டுமே. தொண்ணூறு துப்பாக்கிகளாவது முடிக்க வேண்டும் என்றால் 1,400 தோட்டாவுக்கு ஒரு தவறுக்கு மேல் நேரக் கூடாது. அப்படியானால் பத்துச் செயல்களில் ஒவ்வொன்றும் 14,000 முறைக்கு ஒரு முறை மட்டும்தான் தவறலாம். ஆயிரத்தில் ஒன்று என்ற மதிப்பெண்ணோடு வந்த பாகம் இங்கே படுதோல்வி அடைகிறது.

நகலெடுப்பவர் முதலில் விழுவது இந்தக் குழியில்தான். அவர் செய்த துப்பாக்கி பட்டறையில் பத்துத் தோட்டாக்களை அழகாகச் சுடும், நூறையும் சுடக்கூடும். பதினாலாயிரத்தில் ஒன்றாக வரும் தவறு அந்தப் பட்டறையில் கண்ணில் படவே படாது.

பெட்டியில் கிடந்த ஐம்பது பூட்டுகள்

1785-இல் பாரிஸ் அருகே ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்கு அமெரிக்கத் தூதர் ஒருவர் போனார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பூட்டுகள் முழுவதும் கழற்றப்பட்டு, பாகம் பாகமாகப் பெட்டிகளின் தனித்தனி அறைகளில் கிடந்தன. தூதர் கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே பல பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. வியந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதிய அந்தத் தூதர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன்.

அதில் வியக்க என்ன இருக்கிறது என்று இன்று தோன்றலாம். அன்று ஒவ்வொரு துப்பாக்கியும் தனிப்பிறவி. கைவினைஞர் ஒரு பாகத்தை அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவி முடிப்பார். அவர் கைபட்ட துப்பாக்கி நன்றாகவே சுடும். அதன் கொக்கி உடைந்தால் பக்கத்துத் துப்பாக்கியின் கொக்கி அதில் பொருந்தாது. 1801-இல் அமெரிக்காவின் ஈலை விட்னியும் பாகங்களைக் கலந்துபோட்டுப் பூட்டிக் காட்டிப் பெயர் பெற்றார். பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய துப்பாக்கிகளில் எஞ்சியவற்றைக் கழற்றிப் பார்த்தபோது பாகங்கள் ஒன்றுக்கொன்று முழுமையாக மாற்றிப் பொருத்தக்கூடியவையாக இல்லை. கருவிகளாலும் அளவுமானிகளாலும் இதை உண்மையிலேயே சாதித்தவர் 1820-களில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ராணுவத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஜான் ஹால். பிளாங்கின் பெட்டிகளுக்கும் ஹாலின் துப்பாக்கிகளுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. உதிரிபாகத்தை வாங்கி மாட்டினால் வேலை செய்யும் என்ற, இன்று எல்லாருக்கும் பழகிப்போன வசதிக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது.

பொறுதி

எந்த இயந்திரமும் எந்தப் பாகத்தையும் சரியாக 10 மில்லிமீட்டரில் வெட்டித் தராது. ஒன்று 9.98 இருக்கும், இன்னொன்று 10.03 இருக்கும். எவ்வளவு கூடுதல் குறைவை ஏற்றுக்கொள்ளலாம் என்ற எல்லையைப் ‘பொறுதி’ என்று சொல்லலாம். லேத் பட்டறைகளில் டாலரன்ஸ் என்பது இதைத்தான்.

நகலெடுப்பவரின் கையில் ஓர் அசல் துப்பாக்கி இருக்கிறது. அதன் ஊசியை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். பொறுதி கிடைக்காது. 9.98 என்று அளந்தது மேல் எல்லையா, கீழ் எல்லையா, நடுவா? ஒரே ஒரு பாகத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அதில் விடை இல்லை. அது வடிவமைத்தவரின் வரைபடத்தில் இருக்கிறது. ஏன் அந்த எல்லை என்ற காரணம் பல நேரம் வரைபடத்திலும் இருக்காது. பழைய சோதனைக் குறிப்பேட்டிலோ, மூத்த தொழிலாளி ஒருவரின் நினைவிலோதான் இருக்கும்.

ஐந்து பாகங்கள் வரிசையாக ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். ஐந்தும் ஒரே பக்கம் விலகினால் கடைசியில் அரை மில்லிமீட்டர் பிசகு. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஐந்தும் ‘பாஸ்’. சேர்த்து மாட்டினால் ஒரு துப்பாக்கியில் இறுகும், இன்னொன்றில் ‘பிளே’ கூடி ஆடும். நல்ல பாகங்களை வாங்கி மாட்டியும் அடைத்துக்கொள்கிறதே என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள். ஒரு பாகம் தன்னளவில் நல்லது என்பதும் அது இந்தக் கூட்டத்துக்கு நல்லது என்பதும் வேறு வேறு.

கண்ணுக்குத் தெரியாத பாதி

உருக்கு சூடேற்றிக் குளிர்விக்கும் முறைக்கேற்பக் குணம் மாறும் பொருள். செஞ்சூட்டில் இருப்பதைச் சட்டென்று எண்ணெயில் அமிழ்த்தினால் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். மறுபடியும் மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் கடினம் கொஞ்சம் குறைந்து, வளைந்துகொடுக்கும் உறுதி கூடும். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடினம் கூடிப்போன ஊசி முறிகிறது. குறைந்துபோன கொக்கி, கூட்டின் விளிம்பைப் பிடித்துப் பிடித்தே மழுங்குகிறது. இரண்டும் அளவுமானியில் அசலைப் போலவேதான் இருக்கும். டூப்ளிகேட் கிளட்ச் பிளேட்டின் புதிருக்கும் பெரும்பாலும் இதுவே விடை. அங்கே உருக்குக்குப் பதில் உராய்வுப்பொருளின் கலவை.

சுருள்வில் இன்னும் நுட்பமானது. ஆயிரக்கணக்கான முறை அமுங்கி எழுந்தபின் மலிவான வில் சற்றே குட்டையாகிவிடும். நீளத்தில் போனது சில மில்லிமீட்டர் என்றாலும், முன்பு பார்த்த பத்தில் ஒரு நொடிக் கணக்கு அதோடு குலைகிறது.

கலிஃபோர்னியாவிலிருந்து என்ஃபீல்டுக்கு

1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இருந்த ஆர்மலைட் நிறுவனம் ஏஆர்-18 என்ற துப்பாக்கியை வடிவமைத்தது. விலையுயர்ந்த அலுமினிய உடலும் நுட்பமான கடைசலும் இல்லாமல், உருக்குத் தகட்டைப் பிரஸ்ஸில் அடித்தே செய்துகொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி. பெரிய அளவில் அதை வாங்க எந்த ராணுவமும் முன்வரவில்லை. ஆனால் அதன் உள்ளமைப்பு, அதாவது குட்டை ஓட்டப் பிஸ்டனும் வழிகாட்டிக் கம்பிகளில் சறுக்கும் கட்டையும், உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் நிறுவனம் உரிமம் பெற்று அதைத் தயாரித்தது.

அதே நாட்டில், லண்டனின் வட எல்லையிலிருந்த என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 1970-களில் புதிய ராணுவத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. மேகசினைக் கைப்பிடிக்குப் பின்னால் வைத்து மொத்த நீளத்தைக் குறைக்கும் புதிய வெளித்தோற்றம். உள்ளே பார்த்தால் ஏஆர்-18-இன் சாயல் அப்பட்டமாகத் தெரியும். முழு நகல் என்று சொல்ல முடியாது, ஆனால் இயங்கும் இதயம் கடன் வாங்கியது. 1985-இல் எல்85ஏ1 என்ற பெயரில் அது ராணுவத்தில் சேர்ந்தது. எஸ்ஏ80 குடும்பம் என்று உலகம் அறிந்தது அதைத்தான்.

நேரமும் கைகொடுக்கவில்லை. தொழிற்சாலை தனியார்மயமாகிக்கொண்டிருந்தது. 1987-இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே என்ஃபீல்டு ஆலை மூடப்பட்டு, உற்பத்தி நாட்டிங்ஹாமுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக அங்கே திரண்டிருந்த கைப்பழக்கத்தைப் பெட்டியில் வைத்து லாரியில் ஏற்ற முடியுமா? தகட்டை அடித்துத் துப்பாக்கி செய்வது எளிது என்ற எண்ணமே ஆபத்தானது. அடித்த தகடு கொஞ்சம் நிமிரப் பார்க்கும், பற்றவைத்த இடத்தில் முறுக்கிக்கொள்ளும். சோவியத் ஒன்றியமே ஏகே-47-இன் முதல் தகட்டு உடலில் தடுமாறி, கட்டி உருக்கைக் குடைந்து செய்யும் பழைய முறைக்குத் திரும்பியது. தகட்டு உடலில் முழு வெற்றி கண்டது 1959-இல் வந்த ஏகேஎம்-இல்தான்.

எல்85ஏ1-இன் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மேகசின் பூட்டின் பொத்தான் உடம்பில் உரசி அழுந்த, மேகசின் தானாகக் கழன்று விழுந்தது. கொசுவுக்குப் பூசும் மருந்து பட்டுப் பிளாஸ்டிக் பாகங்கள் இளகின. ஊசிகள் முறிந்தன. 1991 வளைகுடாப் போரில் பாலைவன மணல் உள்ளே புகுந்தபோது நம்பிக்கை இன்னும் சரிந்தது. 1997-இல் நேட்டோவின் ஏற்புப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் மாற்றினால்

எந்தப் பாகம் கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதாதா? வியட்நாமில் அமெரிக்கா கற்ற பாடம் அதற்கு விடை சொல்கிறது. எம்16 துப்பாக்கி ஒரு வகை வெடிமருந்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. பெருமளவில் களத்துக்குப் போன தோட்டாக்களில் இருந்தது வேறு வகை மருந்து. துப்பாக்கியில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஆனால் புதிய மருந்தால் சுடும் வேகம் கூடியது, கரியும் அதிகம் படிந்தது. கூடு அறைச்சுவரை இறுகப் பற்றியிருக்கும்போதே கொக்கி இழுக்கத் தொடங்கியது. காட்டின் ஈரத்தில் துருவேறிய அறையில் கூடு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. இழுத்தால் கூட்டின் விளிம்புதான் கிழிந்தது. இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சு பரவி, துடைக்கும் கருவிகளும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. இளம் வீரர்கள் அடைத்துக்கொண்ட துப்பாக்கியோடு இறந்துகிடந்தார்கள்.

1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்துக் கடுமையான அறிக்கை தந்தது. தீர்வும் ஒற்றைப் பாகத்தில் வரவில்லை. வேகத்தைத் தணிக்க, பின்னால் வரும் கட்டையைத் தாங்கும் பின்தாங்கி மாற்றப்பட்டது. அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது. துடைக்கும் கருவியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. மூன்றும் சேர்ந்த பிறகே துப்பாக்கி தேறியது.

காற்புள்ளி வடிவில் ஒரு கைப்பிடி

எஸ்ஏ80-ஐத் தேற்றும் பொறுப்பு 2000-இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்திடம் போனது. அப்போது அதன் உரிமையாளரும் என்ஃபீல்டு ஆலையை வாங்கிய அதே பிரிட்டிஷ் குழுமம்தான். இந்த நிறுவனம் 1990-களில் உருவாக்கிய ஜி36 துப்பாக்கியின் பிஸ்டன் அமைப்பும் ஏஆர்-18-இன் வழிவந்ததே. ஆக, அந்தக் குடும்பத்தின் உடல்வாகு தெரிந்த வைத்தியரிடம்தான் நோயாளி போய்ச் சேர்ந்தார்.

அவர்கள் செய்ததில் ஒன்றை நெருங்கிப் பார்ப்பது நல்லது. இந்தத் துப்பாக்கியின் வலப்பக்கத்தில் ஒரு சிறு கைப்பிடி உண்டு. முதல் தோட்டாவை ஏற்ற அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுடும்போது அது கட்டையோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடும். காலிக் கூடு வெளியே பறக்கும் சன்னலும் அதே பக்கத்தில். பழைய கைப்பிடி நேரான ஒரு முளை. வெளியே பாயும் கூடு சில வேளைகளில் அந்த முளையில் மோதி, திரும்பச் சன்னலுக்குள்ளேயே விழுந்தது. கட்டை முன்னே வந்து அதை நசுக்கும், துப்பாக்கி நிற்கும். கைப்பிடி உடையவில்லை, தேயவும் இல்லை. வரைபடத்தில் உள்ளபடியேதான் இருந்தது. கூட்டுக்கும் அதற்கும் இடையிலான உறவுதான் கெட்டிருந்தது. புதிய கைப்பிடி காற்புள்ளி வடிவில் வளைந்தது. அதில் படும் கூடு உள்ளே திரும்பாமல் விலகிப் போகும்.

ஆனால் கூடு எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் பறக்கும் என்பதை முடிவு செய்பவை கொக்கியும் கூட்டை வெளியே எறியும் வில்லும். எனவே அவையும் மாறின. கொக்கி பொருந்தியிருக்கும் கட்டை மாறியது. கட்டையின் வேகத்தைத் தீர்மானிக்கும் வாயுப் பாகங்கள் மாறின. ஊசி, மேகசின், கட்டையைத் திருப்பி அனுப்பும் மீள்வில் மாறின. தொடர்ந்து சுடும்போது ஒரு கணம் தாமதித்து விழும்படி சுத்தியலும் மாற்றப்பட்டது. கட்டை முழுவதும் அமர்ந்து பூட்டிக்கொண்ட பிறகே அடி விழும். ஒன்றைத் தொட்டதால் இன்னொன்றைத் தொட வேண்டியதாயிற்று என்ற சங்கிலி இது. பட்டியலில் தொடர்பற்ற பாகங்கள்போலத் தெரிபவை, இயங்கும்போது ஒன்றுக்கொன்று நேரம் சொல்லிக்கொள்பவை.

சுமார் இரண்டு லட்சம் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 400 பவுண்டு. எல்85ஏ2 என்று புதுப் பெயர். இவ்வளவு செலவழிப்பதற்குப் புதிய துப்பாக்கியே வாங்கியிருக்கலாமே என்று அப்போதே பலர் கேட்டார்கள். பொறியியல் நோக்கில் பார்த்தால் செலவு வீண்போகவில்லை. அதே தகட்டு உடல்தான் என்று இருந்தும் துப்பாக்கியின் நடத்தை தலைகீழாக மாறியது.

வெயில், பனி, சேறு

இது எப்படித் தெரிந்தது? குவைத்தின் மணல், புருணையின் ஈரக்காடு, அலாஸ்காவின் உறைபனி, இங்கிலாந்தின் மிதமான வானிலை என்று நான்கு இடங்களில் போர்க்களப் பணிச் சோதனை நடந்தது. பதினாலாயிரத்தில் ஒன்றாக வரும் தவறைப் பிடிக்க வேறு வழியில்லை. குளிரில் எண்ணெய் கெட்டிப்படும், புழுக்கத்தில் துரு ஏறும், மணல் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். பட்டறை மேசையில் பொருந்திய பாகம் இவை ஒவ்வொன்றிலும் வேறு பாகமாகிவிடுகிறது.

அதற்குப் பிறகும் 2002-இல் ஆப்கானிஸ்தானிலிருந்து புதிய ஏ2 அடைத்துக்கொள்கிறது என்ற புகார் வந்தது. விசாரணையில் கவனம் பாகங்களிலிருந்து பராமரிப்புக்குத் திரும்பியது. துப்பாக்கியைத் துடைப்பது, எண்ணெய் இடுவது பற்றிய அறிவுறுத்தல்கள் மாற்றி எழுதப்பட்டன. எண்ணெய்ப் படலமும் ஒரு பாகம்தான். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே உட்கார்ந்து, உராய்வைக் குறைத்து, கட்டையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கும் ஒரு பொறுதி உண்டு. தொழிற்சாலை அதை வரைபடத்தில் எழுதி அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு காலையிலும் அதைப் புதிதாகப் பொருத்துவது துப்பாக்கியை வைத்திருக்கும் வீரர். ஏ2-வுக்குப் பின் வந்த ஏ3 வடிவத்தில், முந்தைய சீரமைப்பு கைவைக்காமல் விட்ட மேல் உடலும் மாற்றப்பட்டது. 1985-இல் பிறந்த துப்பாக்கியின் உறுப்புகள் இப்படி ஒவ்வொரு கட்டமாக மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.